ஒம்பது பழைய பொட்டிகளும் ஒரு பச்சை இலையும்

சில கம்பெனி மெயில்களின் அடியில் குட்டியாக ஒரு பச்சை இலை இருக்கும். பக்கத்தில், "பிரிண்ட் எடுக்கும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் படித்துவிட்டு பிரிண்ட் எடுக்காமல் விட்டவர் யாராவது உண்டா என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். (எங்கள் ஆபீசில் ஒருத்தர் அந்த வரியோடு சேர்த்தேதான் பிரிண்ட் எடுப்பார். அந்த ஒரு வரிக்காகவே இரண்டாவது பக்கம் வரும்.)

2025 செப்டம்பர் கடைசியில் என் மச்சானுக்கும் அப்படி இலை போட்ட ஒரு மெயில் வந்தது. இலைக்கு மேலே இருந்தது ஒம்பது கம்ப்யூட்டருக்கான கொட்டேஷன். ஒன்று நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். பழசை எக்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம், தலைக்கு ஆயிரத்தைந்நூறு. புதுக் கம்ப்யூட்டர் கரண்ட்டை மிச்சப்படுத்தும், ஆகவே இது பசுமையான முடிவு என்று ஒரு பத்தி வேறு.

மச்சானுக்குத் திருச்சி தில்லைநகர் பக்கம் சின்னதாக ஒரு ஆடிட்டர் ஆபீஸ். போன் பண்ணினார். "மாப்ளே, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க. ஒம்பது பொட்டியும் அக்டோபரோட செல்லாதாம். பழைய ஐநூறு ரூவா நோட்டு மாதிரி சொல்றான். நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு?"

நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் இந்தப் பதிவின் விஷயமே. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, லீவு நாளில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காரும் ஜாதி. அதனால் சொல்வதில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என்ன நடந்தது என்றால், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவச பாதுகாப்பு அப்டேட் நிறுத்தப்படும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாம். ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இண்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். மச்சான் ஆபீசில் இருந்தவை 2014ல் வாங்கிய நாலாம் தலைமுறை ஐ3 பொட்டிகள். ஆக, மாற முடியாது. காசு கட்டி அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளவும் வழி உண்டு. கம்பெனிகளுக்கு முதல் வருஷம் பொட்டிக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருஷம் அதற்கும் இரட்டிப்பு, அதோடு சரி. கூட்டினால் 427 டாலர். அதுக்குப் புதுசே வாங்கிடலாம் என்று யாருக்கும் தோன்றும். தோன்றணும் என்றுதான் அப்படி விலை வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அப்டேட் இல்லாட்டி என்ன, அப்படியே ஓட்டுவோமே என்று மச்சான் கேட்டார். கூடவே கூடாது என்றேன். அந்தப் பொட்டிகளில் இருப்பது ஊரார் பான் நம்பரும் பேங்க் கணக்கும். ஓட்டை அடைக்கப்படாத பொட்டியில் அதை வைத்திருப்பது, பூட்டு இல்லாத கடையில் அடகு நகையை வைத்திருப்பது மாதிரி. விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் பழைய பொட்டியில் ஏற்றும் வித்தைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் செய்து பார்க்கலாம், அடுத்தவன் கணக்கு வைத்திருக்கும் ஆபீசில் வேண்டாம்.

இது ஏதோ தில்லைநகர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே ஒரு கணக்குச் சொன்னது. இந்த ஒரு முடிவால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று. ஐ.நா.வின் 2024 மின்கழிவு அறிக்கைப்படி 2022ல் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இருப்பது அதில் நூற்றுக்கு 22 பங்குதான். மீதி எங்கே போகிறது என்பதற்கு உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தைக் கேட்கவேண்டும். பித்தளைச் சாமானுக்குப் பேர் போன ஊர். நாடு பூராவும் கழற்றி வீசிய சர்க்யூட் போர்டுகள் அங்கே போய், ராம்கங்கை ஆற்றங்கரையில் எரித்தும் ஆசிடில் ஊறவைத்தும் செம்பும் தங்கமும் எடுக்கப்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிடும் அளவுக்குச் சாம்பல் குவிந்தது.

எதுக்கு இவ்வளவு பாடு என்றால், அதில் அவ்வளவு இருக்கிறது. கோலார் தங்கவயலை 2001ல் மூடினார்களே, அப்போது ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்தான் தேறும் என்ற நிலை. பழைய கம்ப்யூட்டர் போர்டு ஒரு டன்னில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. நம் தாத்தாக்கள் பலர் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கித் தோண்டியதைவிட வளமான சுரங்கத்தை நாம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு எக்சேஞ்சில் போடுகிறோம் :-)

நிற்க. கொட்டேஷனில் இருந்த "கரண்ட் மிச்சம்" கதைக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அதைக் கணக்குப் போட்டே பார்க்கணும் என்று தோன்றியது. என்னிடம் சுவர் பிளக்கில் சொருகினால் எத்தனை வாட் என்று காட்டும் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன்.

வழக்கமான வேலை நடக்கும்போது பழைய பொட்டி 45 வாட், மானிட்டர் 20 வாட். மொத்தம் 65. இப்போது வருகிற குட்டிப் பொட்டிகள் அதே வேலைக்கு 20 வாட் சுமார் என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக, மிச்சம் 25 வாட். ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் பொட்டிக்கு 67 யூனிட் சொச்சம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகிறது. வருஷத்துக்கு 47 கிலோ மிச்சம். நல்ல விஷயம்தானே?

ஆனால் அந்தப் புதுப் பொட்டி வானத்திலிருந்து விழவில்லை. செம்பு தோண்டி, சிலிக்கானை உருக்கி, சிப் செய்து, கப்பலேற்றி நம்ம ஊருக்கு வந்து சேர்வதற்குள், தயாரிப்பாளர்கள் தாங்களே வெளியிடும் கணக்குத் தாள்களின்படி, மாடலைப் பொறுத்து 150லிருந்து 300 கிலோ வரை கார்பன் ஏற்கெனவே போயிருக்கும். லேப்டாப்பாக இருந்தால் அதன் ஆயுள் கால மாசில் பெரும்பங்கு, நீங்கள் முதல்முறை பட்டனை அமுக்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. வருஷத்துக்கு 47 கிலோ மிச்சம் பிடித்து அந்தக் கடனை அடைக்க மூணு வருஷத்திலிருந்து ஆறு வருஷம். ஆறாவது வருஷம் முடிவதற்குள் அதே கடைக்காரர் இன்னொரு இலையோடு வருவார், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அன்று மீட்டரோடு உட்கார்ந்ததில் வேறொன்றும் தெரியவந்தது. உண்மையில் எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. ஒம்பதில் நாலு பொட்டியை ராத்திரி அணைப்பதே இல்லை! ஏன் என்று கேட்டால், காலையில் வந்து ஆன் பண்ணினால் திரை வந்து டேலி திறக்க எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் ஆகுமாம். ஜிஎஸ்டி கடைசித் தேதி நெருங்கும்போது யார் பத்து நிமிஷம் காத்திருப்பது? அதனால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். பொட்டி ராத்திரி பூரா 35 வாட்டில் உறுமிக்கொண்டிருக்கிறது. பதினைந்து மணி நேரம், 300 நாள், கிட்டத்தட்ட 157 யூனிட். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்காமலே இது. புதுப் பொட்டி வாங்கி மிச்சம் பிடிக்கும் 67 யூனிட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல், சும்மா அணைத்தாலே மிச்சம்.

"அணைச்சுட்டுப் போங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் மாப்ளே, யாரும் கேக்கறதில்ல" என்றார் மச்சான். கேட்க மாட்டார்கள்தான். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அந்தப் பத்து நிமிஷம் நிஜமானது. அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காரணம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே பொட்டி அரை நிமிஷத்தில் எழுந்து நிற்கும். எஸ்எஸ்டி தன்னளவில் மிச்சம் பிடிக்கும் கரண்ட் சில வாட்தான், அது பெரிசில்லை. ஆனால் அணைக்காமல் விடுவதற்கான காரணத்தையே அது எடுத்துவிடுகிறது. சுவரில் "மின்சாரத்தைச் சேமிப்போம்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட இது வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. செய்தது.

இன்னொரு கணக்கையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. ஒம்பது பொட்டியும் சேர்ந்து பகல் முழுக்க சாப்பிடுவது 5.3 யூனிட்தான். அந்த ஆபீசின் இரண்டு ஒன்றரை டன் ஏசிகள் சாப்பிடுவது சுமார் 20 யூனிட். ரிமோட்டில் இருந்தது 20 டிகிரி. ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணும் ஒரு பெண் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திருச்சியில்! ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் எழுந்திருக்கவேண்டும் என்றே விதி கொண்டுவந்தார்கள். இவை அதற்கு முந்தியவை. 25ல் வைத்து மேலே ஃபேனைப் போட்டால் நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதாவது ஒம்பது கம்ப்யூட்டரும் ஒரு நாள் தின்கிற மொத்தக் கரண்ட்டும் ஒரு ரிமோட் பட்டனில் இருக்கிறது. அந்த ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 75 வாட் 30 வாட்டாகும். அதை மச்சான் தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். எந்த தீபாவளி என்று கேட்கவில்லை.

ஆக எனக்குப் பிடிபட்டது இது. ஆபீசில் ஏசியின் பாவம் கரண்ட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பாவம் கரண்ட்டில் அவ்வளவாக இல்லை, அதைச் செய்வதிலும் தூக்கிப் போடுவதிலும் இருக்கிறது. பசுமை என்று சொல்லிக்கொண்டு ஓடுகிற பொட்டியை வீசுவது, சாப்பாட்டை வீணாக்காதே என்று அறிவுரை அச்சடித்த புதுத் தட்டு வாங்கப் பழைய தட்டைச் சோற்றோடு குப்பையில் போடுவது மாதிரி. அலுவலக வேலையைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக ஆக்க டெக்னாலஜி என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், ஆட்டோமேஷன், சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால், இருக்கிற பொட்டியை இன்னும் அஞ்சு வருஷம் உழைக்க வைக்கும் டெக்னாலஜிதான் முதலில். அது ஏற்கெனவே இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. ஆமாம், லினக்ஸ்தான். ஓடாதீர்கள், இருங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் எல்லாமே விண்டோஸில்தான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் சரி. இப்போது உட்கார்ந்து பார்த்தால், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் பாதிப் பேருக்கு நாள் பூரா வேலை பிரௌசரில்தான். ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி போர்ட்டல், பேங்க், மெயில். வருமான வரிக்கே முன்னெல்லாம் கையெழுத்துப் போட்ட தாளை பெங்களூருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். 2015லிருந்து ஆதார் ஓடிபி போதும் என்று ஆனதில் எத்தனை தாள், எத்தனை தபால் மிச்சம்! அதற்கு யாரும் இலை படம் போடவில்லை. பிரௌசரில் வேலை செய்பவருக்குக் கீழே ஓடுவது விண்டோஸா லினக்ஸா என்று பொட்டி சொல்லாவிட்டால் தெரியாது.

ஆனால் டேலி விண்டோஸுக்கென்றே செய்தது. அதைக் குறுக்கு வழியில் லினக்ஸில் ஓட்டி, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாசத்தில் நின்றுபோனால் மச்சான் என்னை வீட்டுக்குள் விடமாட்டார். என் வீட்டம்மாவும் அவர் பக்கம்தான் நிற்பார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று யூஎஸ்பியில் சொருகுவார்களே, அதோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன், எனக்கு மசியவில்லை. அப்புறம் அந்த ஆபீசின் லேசர் பிரிண்டர். நாட்டில் பாதி சின்ன ஆபீசுகளில் இருக்கும் மாடல். லினக்ஸில் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் கோபித்துக்கொள்ளும். கடைசியில் அதை ஒரு விண்டோஸ் பொட்டியோடு இணைத்து, மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அதற்கு அனுப்பும்படி செய்து தப்பித்தோம்.

அதனால் நான் சொன்ன ஏற்பாடு முழு லினக்ஸ் இல்லை. டேலியில் முழு நேரமும் உட்காருபவர்கள், எக்செல் மேக்ரோவில் குடியிருப்பவர்கள் என்று பார்த்து மூன்றே மூன்று புதுப் பொட்டி. ஐந்து பழைய பொட்டிக்கு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ரேமும் போட்டு லினக்ஸ் மிண்ட் 22. அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஒரு பொட்டியின் மதர்போர்டு ஏற்கெனவே தகராறு, யாரும் அதில் உட்கார்வதும் இல்லை. அதைக் கழற்றி ரேமையும் பவர் சப்ளையையும் மற்றவற்றுக்கு எடுத்துக்கொண்டோம். மாற்றிய மூன்று பழைய பொட்டிக்கும் அதே எஸ்எஸ்டி வைத்தியம் பார்த்து, இரண்டு மச்சான் படித்த கிராமத்துப் பள்ளிக்குப் போயின, ஒன்று ஆபீசில் டைப்பிங் பார்க்கும் அக்காவின் மகளுக்கு. மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. கொட்டேஷன் நாலு லட்சத்துச் சொச்சம். என் கூலி ஒரு வாரம் மதியச் சாப்பாடு.

அந்த அக்காதான் எனக்குப் பெரிய பயம். முப்பது வருஷமாகத் தமிழ் டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர். பத்திரம், மனு, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ் எல்லாம் அவர் கை. "தம்பி, எனக்கு இந்த வயசுல புதுசா விசைப்பலகை எல்லாம் படிக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார். லினக்ஸில் ஐபஸ் என்ற மென்பொருளில் தமிழ்99க்குப் பக்கத்திலேயே டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. போட்டுக் கொடுத்தேன். விரல் பழகிய இடத்தில் எழுத்து வந்ததும் முகம் தெளிந்தது. பழைய கோப்புகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்ததால் திறந்தவுடன் லத்தீன் மந்திரம் மாதிரி தெரிந்தன. அந்த எழுத்துருவையும் ஏற்றியதும் தமிழாகிவிட்டன. மறுநாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, சத்தமே வரலியே, இது ஆன்ல இருக்கா?"

ஒரு தோல்வியும் சொல்லணும். ஆர்ட்டிகிள் பையன் ஒருத்தனுக்கு லிப்ரே ஆபீஸ் ஒத்துவரவே இல்லை. கிளையண்ட் அனுப்பும் எக்செல்லில் கட்டம் கலைகிறது, ஃபார்முலா முழிக்கிறது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ப்ளீஸ்" என்றான். அவன் புதுப் பொட்டிக்கு மாற, டேலியை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தொடுகிற இன்னொருத்தர் பழசுக்கு வந்தார். எல்லோருக்கும் ஒரே மருந்து என்று நிற்கும்போதுதான் இந்த முயற்சிகள் கவிழ்கின்றன என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் மாநகராட்சி 2003ல் முடிவெடுத்து, பத்து வருஷம் பாடுபட்டு சுமார் 15,000 பொட்டிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017ல் திரும்ப விண்டோஸுக்கே போவது என்று தீர்மானம் போட்டார்கள். அரசியல் ஒரு பக்கம், எரிச்சலான ஊழியர்கள் இன்னொரு பக்கம். அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024ல் 30,000 பொட்டிகளோடு அதே பாதையில் இறங்கியிருக்கிறது. இந்த முறை முதலில் ஆபீஸ் மென்பொருளை மாற்றி, அப்புறம் மெயிலை மாற்றி என்று படிப்படியாகப் போகிறார்கள்.

நம்ம பக்கமும் கதை உண்டு. 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கே லினக்ஸைக் கொண்டுவந்தது அப்போது பெரிய பேச்சு. இணையத்தில் தமிழ் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அது கிரிக்கெட் ஜெயித்த மாதிரி இருந்தது. அவர் போனபின் அந்த வேகம் போய்விட்டது. கேரளத்தில் அப்படி இல்லை. பள்ளிக்கூடங்களில் இருபது வருஷமாக லினக்ஸ்தான், இப்போது கைட் என்ற அரசு அமைப்பே தனக்கென ஒரு பதிப்பு வைத்திருக்கிறது. அங்கே காசு மிச்சம், சுதந்திரம் என்ற பேரில்தான் அதைப் பேசினார்கள். பழைய பொட்டி குப்பைக்குப் போகாமல் இருப்பது கூடவே வந்த லாபம்.

இன்னொன்று, மென்பொருளுக்கே சுற்றுச்சூழல் முத்திரை கொடுக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் முத்திரையை 2020லிருந்து மென்பொருளுக்கும் கொடுக்கிறார்கள். அதன் நிபந்தனைகளில் ஒன்று, ஐந்து வருஷப் பழைய கம்ப்யூட்டரிலும் அது ஓடவேண்டும் என்பது. 2022ல் அதை முதலில் வாங்கியது ஒக்குலர் என்ற பிடிஎஃப் படிக்கும் இலவச மென்பொருள். நம் அரசு போர்ட்டல்களுக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் எப்படி இருக்கும்? ஒரு ரிட்டர்ன் போட எத்தனை வருஷப் பழைய பொட்டி போதும் என்று யாராவது சோதித்துப் பார்த்தால் போதும், எத்தனையோ ஆபீசில் எத்தனையோ பொட்டி பிழைக்கும்.

சட்டம் என்று பார்த்தால் மின்கழிவு விதிகள் 2011லிருந்து இருக்கின்றன. இப்போது அமலில் இருப்பது 2022ல் திருத்தி எழுதியது. அதில் பெரும் பயனாளர் என்று ஒரு பிரிவு உண்டு. அவர்கள் பழைய சாமானைப் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்கவேண்டும். யார் பெரும் பயனாளர்? வருஷத்தில் குறைந்தது ஆயிரம் மின்னணுச் சாதனமாவது பயன்படுத்தும் நிறுவனம். ஒம்பது பொட்டி ஆடிட்டர், நாலு பொட்டி வக்கீல், மூணு பொட்டி ஜெராக்ஸ் கடை யாரும் இதில் வரமாட்டார்கள். நாட்டில் தடுக்கி விழுந்தால் இந்த மாதிரி ஆபீஸ்தான். அவர்களுடைய பொட்டிகள் எல்லாம் எக்சேஞ்சில் போகும், அல்லது பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். அங்கேயிருந்து மொராதாபாத் மாதிரி இடங்களுக்குப் போக எத்தனை கை மாறினால் என்ன.

பிரான்ஸில் 2021லிருந்து லேப்டாப் விற்கும்போதே, அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் என்று ஒட்டவேண்டும். நம் நுகர்வோர் துறையும் பழுது பார்க்கும் உரிமை என்று 2022 டிசம்பரில் ஒரு தளம் தொடங்கியது, மார்க் போடுவதைப் பற்றியும் கமிட்டி வைத்துப் பேசியது. எனக்கு இருக்கும் ஆசை அதைவிடச் சின்னது. பொட்டி விற்கும்போது, "இதில் வரும் மென்பொருளுக்கு இந்த வருஷம் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு" என்று பெட்டியின் மேலே தேதி போடவேண்டும். மாத்திரை அட்டையில் போடுகிறோம், பால் பாக்கெட்டில் போடுகிறோம். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் சாமானில் மட்டும் ஏன் கூடாது? தேதி தெரிந்திருந்தால் மச்சான் மாதிரி ஆட்கள் 2025 செப்டம்பரில் முழித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து வேலை, சோலார் பேனல் இதெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். மச்சான் இருப்பது வாடகைக் கட்டடத்தின் முதல் மாடி, மொட்டை மாடி வீட்டுக்காரர் வடாம் காயவைக்க. வீட்டிலிருந்து வேலையை 2020 ஊரடங்கில் செய்து பார்த்தார்கள், கிளையண்ட் கொண்டுவரும் பில் மூட்டையை யார் வீட்டில் வைப்பது என்பதில் நின்றுவிட்டது.

கொட்டேஷன் அனுப்பியவருக்கு மச்சான் பதில் போட்டார், மூன்று பொட்டி மட்டும் போதும், எக்சேஞ்ச் வேண்டாம் என்று. அவரும் நல்ல மனுஷன்தான், வியாபாரம். மூன்றையும் நேரில் கொண்டுவந்து இறக்கினார். இன்வாய்ஸை மூணு காப்பி கலரில் எடுத்து வந்திருந்தார். அடியில் இலை பளிச்சென்று விழுந்திருந்தது.

பி.கு: பழைய பொட்டியை யாருக்குக் கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். டெலீட் பண்ணினால் அழிந்துவிடாது, மேலே வேறு தகவல் எழுதி முழுக்கத் துடைக்கவேண்டும். அப்படித் துடைத்த ஒம்பது டிஸ்க்கும் இப்போது மச்சானின் இரும்பு பீரோவில், 2014ஆம் வருஷ ஃபைல்களுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒம்பதே ஒம்பது டிஸ்க்கைப் பொறுப்பாக வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் திருச்சிப் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். போன் பண்ணின ஒரு இடத்தில், குறைந்தது ஒரு லோடு இருந்தால்தான் வண்டி வரும் என்றார்கள்.